படிக்கட்டுக்கு அடியில் யாரும் குடியில்லை

கார்த்திகேசனிடம் அந்தக் கட்டடத்தைப் பற்றி மட்டும் யாரும் வாயைக் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் அரை நாள் போச்சு. பன்சோடான் தெருவிலிருந்து பிரியும் குறுக்குத் தெருவில், நாலு மாடியும் முகப்பில் எட்டுத் தூணுமாக நிற்கிற பழைய கப்பல் கம்பெனிக் கட்டடம் அது. அதற்கு அவர் தர்வான். தர்வான் என்றால் வாயில்காவலன்தான், வேறொன்றுமில்லை. வெள்ளைக்காரன் காலத்து வேலை, வெள்ளைக்காரன் காலத்துப் பெயர். ரங்கூன் என்று நாம் சொல்லும் யாங்கோனில் இரண்டும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. இவருக்கு முன்னால் இவருடைய அப்பா தர்வான், அவருக்கு முன்னால் தாத்தா.

உள்ளே நுழைந்ததும் தேக்குமரப் படிக்கட்டு ஒன்று அகலமாக மேலே ஏறும். அதற்கு அடியில் பன்னிரண்டுக்கு எட்டடியில் ஓர் அறை. ஒரு பக்கம் நிமிர்ந்து நிற்கலாம், மறு பக்கம் தவழத்தான் வேண்டும். அந்த அறையில்தான் கார்த்திகேசன் பிறந்தார். நீலாம்பாளைக் கட்டி அழைத்து வந்ததும் அங்கேதான். பிள்ளை பிறக்கவில்லை என்று இருவரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அழுததும் அங்கேதான். ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு இந்த உலகத்தில் வேறு போக்கிடம் கிடையாது. அந்த அறைதான் எல்லாம், அது போனால் எல்லாமே போச்சு.

ஆனால் அவர்கள் அங்கே குடியிருக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியக் கூடாது.

இதைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆகவேண்டும். கப்பல் கம்பெனி போய் அது அரசாங்க ஆபீஸானதும், ஆபீஸ் கட்டடத்தில் எவனும் குடியிருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அதோடு இந்த ஊரில் ஒரு சட்டம். குடும்பப் பட்டியலில் பெயர் இல்லாத வீட்டில் ஓர் இரவு தங்கினால்கூட வார்டு ஆபீஸில் போய் விருந்தாளி என்று எழுதிக்கொடுக்க வேண்டும். அறுபதுகளில் நம்மவர்களை இந்தியாவுக்குக் கப்பல் கப்பலாக ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த சமயம் வேறு. கார்த்திகேசனின் அப்பா பயந்துபோனார். ஊருக்குக் கிழக்கே, கால்வாய்க்கு அந்தப் பக்கம், தாகேதாவில் இருந்த ஓர் உறவினர் வீட்டுப் பட்டியலில் பெயர்களைச் சேர்த்துவிட்டு, படிக்கட்டுக்கு அடியிலேயே சத்தமில்லாமல் இருந்துகொண்டார். மகனுக்குப் பேச்சு வந்ததும் முதலில் சொல்லிக்கொடுத்த பாடம் இதுதான்: "பேனாவோட வர்றவன் எவனா இருந்தாலும் சரி, நாங்க தாகேதாவில இருக்கோம், காலையில வந்து சாயந்தரம் போயிடுவோம்னு சொல்லணும். வேற ஒரு வார்த்தை பேசக் கூடாது."

எப்படி இருந்தார்கள் என்கிறீர்கள்? வாசலில் கோலம் கிடையாது. துணியை முன்பக்கம் காயப்போட்டதே இல்லை. எதிர்வீட்டு மாடிகளில் எல்லாம் தெருவரைக்கும் கயிறு தொங்கும், நுனியில் கிளிப் மாட்டி, பேப்பரும் பாலும் காய்கறியும் மேலே போகும். இவர்கள் மட்டும் பால்காரனைப் பின்சந்துக்கு வரச் சொன்னார்கள். பொங்கல் பானையைத் தூக்கிக்கொண்டு தாகேதாவுக்குப் போய்ப் பொங்கிவிட்டு வந்தார்கள். அப்பா அந்த அறையில்தான் கண்ணை மூடினார். சத்தம் வராமல் வாயில் துணியை வைத்துக்கொண்டு, அவரை வாடகைக் காரில் சாய்த்து உட்கார்த்திவைத்து, பசுண்டாவுங் கால்வாயைத் தாண்டி தாகேதா போய்ச் சேர்ந்த பிறகுதான் வாய்விட்டு அழுதார்கள். சாவுச் சான்றிதழிலும் தாகேதா என்றுதான் இருக்கிறது. இப்படியும் ஒரு பிழைப்பா என்றால், ஆமாம், இப்படித்தான் பிழைத்தார்கள்.

தலைநகரம் நேப்பிடோவுக்குப் போனபோது ஆபீஸும் லாரி லாரியாகக் கிளம்பிப் போயிற்று. கட்டடம் காலியானது. மேல்விளிம்புக் கார்னிஸில் அரசமரம் முளைத்தது, மழைத் தண்ணீர் நாலாம் மாடியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது. எங்கிருந்தோ இரண்டு குடும்பங்கள் வந்து மேல்மாடியில் அமர்ந்துகொண்டன. சம்பளம் சில மாதம் வரும், சில மாதம் வராது. கார்த்திகேசன் பாட்டுக்குக் காலையில் எழுந்து கூட்டிக்கொண்டிருந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், அவருக்கு ஐம்பத்தெட்டு நடக்கும்போது, மழைக்காலம் முடிந்த ஒரு காலையில், மா யமின் என்ற பெண் கையில் டேப்லெட்டோடு வந்தாள். இருபத்தாறு இருபத்தேழு வயது, கன்னத்தில் சந்தனம் மாதிரி தனகாப் பூச்சு, காலில் கேன்வாஸ் ஷூ. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற கமிட்டி ஒன்று. அதிலிருந்து கணக்கெடுக்க வந்திருக்கிறாளாம். இடிக்க இல்லை, ஊலே, பழையபடி ஆக்கப்போகிறோம் என்று பர்மியில் சொன்னாள். ஊலே என்றால் மாமா என்கிற மாதிரி. கார்த்திகேசனுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. பிறந்ததிலிருந்து இந்தக் கட்டடத்தைப் பற்றி ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட அவரிடம் மரியாதையாகக் கேட்டதில்லை.

இரண்டு நாள் அவளை விடவில்லை மனுஷர், சொல்லிக்கொண்டே போனார். தரையில் பதித்த பூ ஓடு இங்கிலாந்திலிருந்து வந்தது. இரும்புத் தூணின் அடியில் கிளாஸ்கோ என்று வார்த்திருக்கிறது. லிஃப்ட் கூண்டு எனக்கு விவரம் தெரிவதற்கு முன்னாலேயே இரண்டாம் மாடியில் சிக்கிக்கொண்டது, அதில் மூன்று தலைமுறைப் புறா இருக்கிறது. இந்தத் தூணில் இருக்கும் பள்ளம் ஜப்பான்காரன் குண்டு. அன்றைக்குப் பாதி ஊர் மூட்டையைக் கட்டிக்கொண்டு இந்தியாவுக்கு நடந்தது, என் தாத்தா நடக்கவில்லை. வாசலைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்தார். நாலு வருஷம் கழித்துத் துரை திரும்பி வந்தபோது ஒரு கண்ணாடி மட்டும்தான் குறைந்திருந்தது. மா யமின் எல்லாவற்றையும் தட்டித் தட்டி ஏற்றிக்கொண்டாள். அவருடைய குரலையும் பதிவு செய்தாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் படிக்கட்டுக்கு அடியில் வந்து நின்று, "கடைசியா ஒரு ஃபாரம் இருக்கு, ஊலே. இந்த அறையில யார் குடியிருக்காங்க?" என்று கேட்டாள்.

அவள் கையில் அந்த டேப்லெட்டுக்கென்று ஒரு பேனா இருந்தது.

"யாரும் இல்ல," என்றார் கார்த்திகேசன். யோசிக்கவே இல்லை, மூச்சு விடுகிற மாதிரி வந்துவிட்டது. "நான் தாகேதா. காலையில வந்து சாயந்தரம் போயிடுவேன்."

உள்ளே அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. திரைக்குப் பின்னால் நீலாம்பாள். முப்பது வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா? அவளும் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, தலையைச் சரிசெய்துகொண்டு, "இவருக்குச் சோறு கொண்டாந்தேன், தமீ. நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்," என்றாள். தமீ என்றால் மகளே என்கிற மாதிரி. மா யமின் பருப்பு வாசனையையும், கொடியில் தொங்கிய இரண்டு கைலிகளையும், சுவரில் இருந்த முருகன் படத்தையும் பார்த்தாள். "நிச்சயமா, ஊலே? இங்க யாரும் தங்கறதில்லையா?" என்று இன்னொரு தடவை கேட்டாள். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது, கேட்கத்தான் செய்தாள். இவர் "நிச்சயம்" என்று சொல்லி, அவள் நீட்டிய கண்ணாடியில் விரலால் கையெழுத்தும் போட்டுக்கொடுத்தார். அவள் போன பிறகு நீலாம்பாள் திருஷ்டி கழித்தாள். தப்பித்தோம் என்று இருவருக்கும் அப்படி ஒரு நிம்மதி.

இரண்டு மாதம் கழித்து வாசல் கதவில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். கட்டடத்தில் உண்மையாகக் குடியிருப்பவர்கள் யாரும் தெருவுக்குப் போக வேண்டாம், பின்கட்டில் குடும்பத்துக்கு இரண்டு அறை கட்டித் தரப்படும், வாழ்நாள் முழுக்க இருக்கலாம் என்று மேலே எழுதியிருந்தது. கீழே பெயர்கள். மேல்மாடிக்கு ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வந்த இரண்டு குடும்பமும் இருந்தன. படிக்கட்டுக்கு அடியில் என்று போட்டு, எதிரே, யாரும் குடியில்லை என்று எழுதியிருந்தது.

கார்த்திகேசன் அதை மூன்று தடவை படித்தார். பிறகு எதிர்ச்சாரியில் இருக்கும் இனாயத்துல்லா டீக்கடைக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்தார். குட்டையான பிளாஸ்டிக் முக்காலி, முழங்கால் நெஞ்சில் இடித்தது. கரண்ட் போய்விட்டதால் நடைபாதையில் வரிசையாக ஜெனரேட்டர்கள் இரைந்துகொண்டிருந்தன. இனாயத்துல்லா அவர் காதருகே வந்து கத்த வேண்டியிருந்தது.

"ஒம் பேர் இல்லையாமே. ஏன்?"

"யாரும் இல்லன்னு நான்தான் சொன்னேன், பாய்."

"ஏன்யா சொன்ன?"

"வேற என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல பாய். சின்னப் பிள்ளையிலேருந்து அதத்தான் சொல்லியிருக்கேன்."

இனாயத்துல்லா இரண்டு கையையும் விரித்தார். மடப்பயலே என்று திட்டியிருந்தால்கூடத் தேவலை, திட்டவில்லை. டீக்குக் காசு வாங்காமல், "இப்பவே போய் உண்மையைச் சொல்லு. அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு," என்றார்.

நல்ல பெண்தான். மறுநாள் கமிட்டி ஆபீஸில் மா யமின் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவர் சொல்லச் சொல்ல அவளுக்குக் கண் கலங்கியது. "எனக்கும் தோணுச்சு, ஊலே. ஆனா நீங்க கையெழுத்துப் போட்டீங்களே. ஏதாவது ஒரு காகிதம் கொடுங்க. இந்த முகவரி போட்ட ஒரே ஒரு காகிதம். ஒரு கடுதாசி, கரண்ட் பில், ஆஸ்பத்திரிச் சீட்டு, எதுவானாலும் சரி," என்றாள்.

வீட்டுக்கு வந்து தகரப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். நீலாம்பாள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, கார்த்திகேசன் படித்துக் கீழே வைத்தார். கல்யாணப் பத்திரிகையில் தாகேதா. வெளியூரிலிருந்து வந்த கடுதாசிகள்கூட, தாகேதாவில் அந்த உறவினர் வீட்டில் இருக்கும் மச்சான் நல்லையாவின் முகவரிக்கே வந்தவை. அவனே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவான். மருந்துச் சீட்டில் தாகேதா, இறப்புச் சான்றிதழில் தாகேதா. இரண்டு தலைமுறை பார்த்துப் பார்த்து, ஒரு துரும்புகூட விடாமல் தங்களைத் துடைத்து வைத்திருந்தார்கள். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டு செய்த வேலை. அப்பா மேல் கார்த்திகேசனுக்கு அன்றைக்கு வந்த கோபம் இருக்கிறதே, படத்தில் இருந்த அப்பாவைத் திருப்பி வைத்துவிட்டார். நீலாம்பாள் மறுபடி நேராக வைத்தாள்.

காகிதம் இல்லாமல்தான் பெரிய அதிகாரியிடம் போனார். மேல்மாடிக்காரர்கள் சாட்சி சொல்ல வந்தார்களா என்று கேட்காதீர்கள். பின்கட்டில் அறை எண்ணிக்கை அளவானது. நாங்கள் எதையும் பார்த்ததில்லை என்றுவிட்டார்கள். இனாயத்துல்லா வந்தார். அதிகாரி அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். கெட்ட மனிதர் மாதிரி தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"உங்க குடும்பப் பட்டியல் எங்க இருக்கு?"

"தாகேதாவில."

"உங்க அப்பா எங்க இறந்தார்?"

சான்றிதழ் மேசைமேல் இருந்தது, அவரே கொண்டுபோய்க் கொடுத்தது.

"வார்டு ஆபீஸ்ல கேட்டோம். அந்தக் கட்டடத்தில ஒரு நாள்கூட நீங்க விருந்தாளின்னு பதிஞ்சதில்ல. ஐம்பத்தெட்டு வருஷம் பதியாம தங்கியிருந்தா அது குற்றம். நீங்களும் குற்றவாளி, உங்க சம்சாரமும் குற்றவாளி. அப்படி எழுதிக் கொடுக்கறீங்களா? எழுதிக் கொடுத்தா விசாரணைக்கு அனுப்பணும். அங்க என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது. இல்ல, நீங்க முன்னால சொன்னதே சரின்னு விட்டுடலாமா?"

இந்த நாளில் விசாரணை என்று ஒரு வாசலுக்குள் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அது கார்த்திகேசனுக்குத் தெரியும், அதிகாரிக்கும் தெரியும். நீலாம்பாளைத் தனியாக ஓர் அறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பதை அவர் மனசு ஒரு கணம் பார்த்துவிட்டது.

"முன்னால சொன்னதே சரி," என்றார்.

அதற்குமேல் அந்தப் பேச்சு இல்லை. அறையை வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்யச் சொன்னார்கள். காலி செய்ய அதில் என்ன இருக்கிறது, யாரும் குடியில்லாத அறைதானே என்று நீலாம்பாள் சொன்னாள். அவள் கசப்பாகப் பேசி அதுவரை அவர் கேட்டதில்லை. சைட்கார் என்கிற சைக்கிள் ரிக்ஷா ஒன்றில் இரண்டு நடை. பெட்டி, பாத்திரம், முருகன் படம், அப்பா படம். தாகேதாவில் நல்லையா வீடு இரண்டு அறை, எட்டுப் பேர். பட்டியலில் இத்தனை வருஷமாக இருந்த இரண்டு பெயர் திடீரென்று உடம்போடு வந்து நின்றதும் நல்லையாவின் மனைவி முகம் சுருங்கியது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, இடம் வேண்டாமா? நீலாம்பாள் பெண்களோடு உள்ளே படுத்தாள். கார்த்திகேசனுக்குத் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. மழையில் சாரல் அடித்தால் எழுந்து உட்கார்ந்துகொள்ள வேண்டும். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் பிரிந்து படுத்தது அப்போதுதான்.

வேலைகள் ஒன்றரை வருஷம் நடந்தன. அரசமரத்தை வேரோடு எடுத்தார்கள், தேக்கைத் தேய்த்து மெருகு போட்டார்கள், புறாக்களை விரட்டிவிட்டு லிஃப்ட் கூண்டுக்குள் விளக்கு வைத்தார்கள். மேலே காப்பிக்கடை, கீழே காட்சிசாலை. வாசலில் நீலப் பலகை ஒன்று, அதில் தூணில் பட்ட குண்டைப் பற்றியும், வாசலைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்த ஓர் இந்தியக் காவல்காரரைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். பெயர் போடவில்லை. ஆதாரம் வேண்டுமாம்.

மா யமின் மனசு கேட்காமல் அலைந்து, அவருக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்தாள். எங்கே என்கிறீர்கள்? அதே அறையில். கட்டடத்திலேயே மாறாமல் இருந்தது படிக்கட்டுக்கு அடியில் உள்ள அறைதான் என்று நிபுணர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். அதை அப்படியே தர்வான் அறை என்று காட்சிக்கு வைத்தார்கள். கார்த்திகேசன் காக்கி உடையும் சிவப்புத் தலைப்பாகையும் கட்டிக்கொண்டு உள்ளே முக்காலியில் உட்கார வேண்டும். வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்வார்கள். அவர் தாத்தா வாழ்நாளில் தலைப்பாகை கட்டியதில்லை. துண்டைத் தோளில் போடுவார், அவ்வளவுதான். சொல்லிப் பார்த்தார். பழைய போட்டோக்களில் அப்படித்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. வேண்டாம் என்று எறிந்துவிட்டு வரலாமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தார். நல்லையா வீட்டில் எத்தனை நாள் கையை நீட்டுவது? ஒப்புக்கொண்டார்.

திறந்து ஒரு மாதம் ஆன பிறகு ஒரு நாள் நீலாம்பாள் வந்தாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. நல்லையா வீட்டுப் பெண்கள் கோயிலுக்குக் கிளம்பியபோது, இவள் மட்டும் பாதியில் இறங்கிக்கொண்டாளாம். வாசலில் உள்ளூர்க்காரர்களுக்கான டிக்கெட் எடுத்துக்கொண்டு, எல்லாரையும்போல வரிசையில் வந்து, அறை வாசலில் கட்டியிருந்த சிவப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் செல்போனை உயர்த்தியிருந்ததால் கார்த்திகேசன் முதலில் கவனிக்கவில்லை. அவர்கள் நகர்ந்ததும் பார்த்தார். முகம் எரிந்தது. தலைப்பாகையோடு அவள் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அவள் அவரைப் பார்க்கவில்லை. அறையைத்தான் பார்த்தாள். எங்கிருந்தோ வாங்கிவந்த பித்தளைச் சொம்பு, யாரோ உபயோகித்த கயிற்றுக் கட்டில், சுவரில் புதிதாகப் பழசாக்கிய காலண்டர். மெதுவாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அடுப்ப அந்தப் பக்கம் வச்சிருக்காங்களே," என்றாள். "அங்க வச்சா புகை எப்படிப் போகும்?"

"யாரும் பத்த வைக்கப் போறதில்ல, நீலா."

அவள் தலையாட்டினாள். தாகேதா போன பிறகு வந்த முழங்கால் வீக்கம் இன்னும் வடியவில்லை என்று அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சுவரைத் தொட வேண்டாம் என்று கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் பர்மியில் சொன்னாள், மரியாதையாகத்தான் சொன்னாள். நீலாம்பாள் கையை எடுத்துக்கொண்டாள்.

"கால் கடுக்குதுங்க. செத்த நேரம் உள்ள வந்து உக்காரட்டுமா?"

கார்த்திகேசன் கட்டிலைப் பார்த்தார். தான் உட்கார்ந்திருந்த முக்காலியைப் பார்த்தார். மூலையில் இருந்த கேமராவைப் பார்த்தார்.

"இங்க உக்காரக் கூடாது, நீலா. பாய் கடையில போய் உக்காரு, நான் சொன்னேன்னு சொல்லு."

"சரிங்க," என்றாள். பிறகு வேறொருவர் வீட்டிலிருந்து கிளம்புகிற மாதிரி, "அப்ப நான் வர்றேன்," என்று சொல்லிவிட்டு, மெருகு போட்ட தரையில் வழுக்கிவிடாமல் ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்து வாசலைப் பார்த்து நடந்தாள். கூடப் போய்க் கையைப் பிடித்துத் தெருவைத் தாண்டிவிட வேண்டும் என்று அவருக்கு உடம்பெல்லாம் பதறியது. அடுத்த ஆட்கள் கயிற்றருகே வந்து செல்போனை எடுத்தார்கள். ஐந்து மணி அடிக்கும்வரை தர்வான் அந்த அறையை விட்டு வெளியே வரக் கூடாது என்பது வேலை விதி.